பட்டை பேசும்

சைக்கிள் ஓட்டுகிறவர் வழியில் எங்காவது விழுந்து கிடந்தால், அவர் யார் எவர் என்று தெரிய வேண்டும். என்ன வகை ரத்தம், எந்த மருந்து ஆகாது, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் தீர்ந்துபோகிற விஷயம். அத்தனை சுலபமாகத் தீர்ந்துபோகிற விஷயமாக இருந்ததுதான் அதற்கு வினையாகப் போனது. அதைக் கவனிக்க ஓர் இயக்ககம் வந்தது. இயக்ககத்துக்கு ஓர் இயக்குநர் வந்தார். இயக்குநருக்குப் பின்னால் ஒரு கட்டடம் வந்தது. கட்டடத்தின் நெற்றியில் ஒரு வாசகம் வந்தது: 'நீங்கள் பேச வேண்டாம், பட்டை பேசும்.'

பட்டை என்பது மணிக்கட்டில் மாட்டுகிற சாம்பல் நிற ரப்பர் வளையம். கழற்ற முடியாதபடி உள்ளே மெல்லிய எஃகுக் கம்பி ஓடும். நடுவில் அவரைக்கொட்டை அளவில் ஒரு குமிழ். அந்தக் குமிழுக்குள் மடித்துவைத்த சீட்டில்தான் உங்கள் பெயர், ரத்தம், ஆகாத மருந்து எல்லாம் இருக்கும். குமிழுக்கு மேல் இயக்ககத்தின் முத்திரை. முத்திரையை யாரும் உடைக்கக் கூடாது. உடைத்தால் குற்றம். சைக்கிளில் ஏறுகிற எவரும் பட்டை இல்லாமல் ஏறக் கூடாது. அதுவும் குற்றம். ஜனங்கள் அந்த இடத்தைப் பட்டை ஆபீஸ் என்று சுருக்கிச் சொன்னார்கள். பட்டையோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துச் சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு.

இந்தக் கதைக்கு உரியவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து, பிறர் வாய்க்கு அளவெடுத்து வந்த அச்சுகளை வைத்துக்கொண்டு நாளெல்லாம் அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். அதிர்ந்து பேசத் தெரியாது. அவர் மனைவி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்த மாடியில் லிஃப்ட் நின்றாலும், கருவிப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவாள். அவள் பேச்சு அவருக்கும் சேர்த்துப் போதுமானதாக இருந்தது.

பட்டைக்கு விவரம் எழுதிய அன்று பல்செட்டுக்காரர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு ஈறு வீங்கி, பென்சிலின் மாத்திரை ஒன்று போட்டாள். சற்று நேரத்தில் முகம் ஊதிப்போய், கண் இடுங்கி, மூச்சு உள்ளே போகாமல் அவர் கையில் துவண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடிய ஓட்டம் இன்னும் அவர் கனவில் வரும். ஆகாத மருந்து என்ற இடத்தில் பென்சிலின் என்று கொட்டை எழுத்தில் எழுத வைத்து, கீழே கோடும் போட வைத்தார். அந்தச் சீட்டைக் குமிழுக்குள் போட்டு முத்திரை வைத்தபோது, அவருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பாவம்.

ஒரு நாள் காலை, நிறுத்தியிருந்த கார் ஒன்றின் கதவைப் பின்னால் பார்க்காமல் யாரோ திறந்தார்கள். அவள் கதவில் மோதித் தூக்கியெறியப்பட்டாள். பட்டை பேசவில்லை. பேசினது அந்த இடத்துக்கு எதிர்க் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர்; கிளினிக்குக்கு ஓடி வந்து சொன்னார்.

"அண்ணே, பதறாம கேளுங்க. அக்காவ வண்டில ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. கால்ல பலமான அடி. பேச்சுமூச்சு இல்ல. அக்கா பேரு, உங்க பேரு எல்லாம் நான் சொல்லிப் பாத்தேன். பட்டை இருக்கு, நீ வாய மூடுன்னுட்டாங்க."

அவர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினார்.

விபத்துப் பிரிவின் வாசலில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பட்டை ஒருங்கிணைப்பாளர். சளி பிடித்த மனிதர். ஒரு கையில் கைக்குட்டையும் மறு கையில் பேனாவுமாக இருந்தார். குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை. அவர் தலைக்கு மேலிருந்த பலகையில், நோயாளிகளின் பெயர்களுக்கு நடுவே ஒரு வரி மட்டும் வித்தியாசமாக இருந்தது: 'பெண். அடையாளம் பட்டையில் உள்ளது.'

"அது என் மனைவிங்க. அவ பேரு..."

"சொல்லாதீங்க." ஒருங்கிணைப்பாளர் பேனா பிடித்த கையை உயர்த்தினார். "நீங்க சொன்னா நான் கேட்ட மாதிரி ஆயிடும். பட்டை போட்ட நோயாளியப் பத்தி வெளியாள் வாய் வழியா நான் எதையும் கேட்டுக்கக் கூடாது."

"நான் வெளியாள் இல்லைங்க. புருஷன்."

"அதையும் பட்டைதான் சொல்லணும்."

உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசு. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதை எங்கே வைத்தோம் என்று மேஜையில் தேடினாள். பல்செட்டுக்காரரைக் கண்ணாடி வைத்த கதவு வரைக்கும் அழைத்துப்போய்க் காட்டினாள். உள்ளே அவர் மனைவி படுத்திருந்தாள். முகத்தில் ஒரு கீறல்தான். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த வலது காலைப் பார்த்ததும் அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தலைல பயப்படற மாதிரி இல்ல, மயக்கம் தெளிஞ்சுடும்" என்றாள் டாக்டர். "கால்தான் கவலையா இருக்கு. எலும்பு வெளிய வந்திருக்கு, ரோட்டு மண்ணு பூராவும் உள்ள போயிருக்கு. மருந்து ஏத்திட்டு, திறந்து கழுவி, கம்பி வைக்கணும்."

"என்ன மருந்து?"

அவள் சொன்னாள். பென்சிலின் வகைதான்.

அவர் அந்தப் பழைய கதையைச் சொன்னார். முகம் ஊதினது, மூச்சு நின்றது, ஓடினது எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

"வேற மருந்து இருக்கு" என்றாள் டாக்டர் குரலைத் தாழ்த்தி. "ஆனா அது காரணம் காட்டினாத்தான் மருந்தறைல குடுப்பாங்க. பட்டை போட்டவங்களுக்குக் காரணம் பட்டைலதான் இருக்கணும். நீங்க சொன்னது எனக்குப் போதும். அவங்களுக்குப் போதாது."

"அப்ப அதைத் திறந்து பாத்துடலாமே. நானே எழுத வச்சேன். கோடுகூடப் போட்டிருக்கும்."

"முத்திரைய உடைச்சா உள்ள இருக்கறது செல்லாதாம். பட்டை ஆபீஸ்ல உத்தரவு குடுத்தா அவங்களே வந்து திறப்பாங்க. ஓடிப்போய் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் ஒரு ஊசியும் போடாம பாத்துக்கறேன். ஆனா இருட்டறதுக்குள்ள கழுவியாகணும். அதுக்கு மேல போனா காலோட நிக்காது."

போகிற அவசரத்திலும் பல்செட்டுக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒருங்கிணைப்பாளரிடம் திரும்பினார். "ஐயா, கீழ் வரிசைல, இடது பக்கம் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு உறை இருக்கும். அதைச் செஞ்சு போட்டது நான். என் பட்டறைல அச்சு இருக்கு. கொண்டுவந்து பொருத்திக் காட்டறேன். அவ இன்னார்னு அதுல தெரிஞ்சுடும்."

ஒருங்கிணைப்பாளரின் முகம் மலர்ந்தது. "பல்லை வச்சு அடையாளம் காட்டற வசதி நம்மகிட்ட தாராளமா இருக்குங்க. ஆனா அது பக்கத்துக் கட்டடத்துல."

"எந்தக் கட்டடம்?"

"பிணவறை. அங்க இந்த மாதிரிச் சிக்கலே கிடையாது. வாயத் திறந்து பாப்பாங்க, பொருந்துச்சுன்னா உடனே ஒப்படைச்சுடுவாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க அவசரப்படாதீங்க. இன்னும் அந்தக் கட்டம் வரலை."

வாசலில் பஞ்சர்க்காரர் தன் சைக்கிளோடு நின்றிருந்தார். பட்டை ஆபீஸில் அன்று ஆண்டு விழா. அதனால் அந்தப் பக்கம் பஸ்ஸை விடவில்லை, ஆட்டோவை விடவில்லை. பல்செட்டுக்காரர் அவர் சைக்கிளை வாங்கி ஏறி மிதித்தார். பல வருஷத்துக்குப் பிறகு ஏறுகிறார். முழங்கால் இரண்டும் ஹாண்டில்பாரில் இடித்தது.

பட்டை ஆபீஸ் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு பரிசோதகர் கையை நீட்டி மறித்தார்.

"பட்டை எங்க?"

"எனக்கு இல்லைங்க. நான் சைக்கிள் ஓட்டறவன் இல்ல."

பரிசோதகர் சைக்கிளைப் பார்த்தார். பிறகு அதன் மேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஒரு நாள்தாங்க. என் மனைவி ஆஸ்பத்திரில கிடக்கறா. அவ பட்டையத் திறக்கத்தான் உங்க ஆபீஸுக்கே போறேன்."

"அவங்க பட்டை போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தா."

"அதான் ஆஸ்பத்திரில இருக்காங்க. நீங்க போடலை. நீங்க விழுந்தா எங்க இருப்பீங்க?" பரிசோதகர் ஹாண்டில்பாரைப் பிடித்து வண்டியை ஓரம் கட்டினார். "சைக்கிள்ல ஏறிட்டா நீங்க விழப்போற ஆள்தான். எப்பங்கறதுதான் பாக்கி."

ஓரமாக நின்ற வேனில் தற்காலிகப் பட்டை போட்டார்கள். விழா நாள் என்பதால் சலுகையாம். பெயர், ரத்தம் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் மனைவியின் பெயரையும் நம்பரையும் சொன்னார். பரிசோதகர் அந்த நம்பரைச் சரிபார்க்கக் கூப்பிட்டார். யாரோ எடுத்தார்கள். ஒரு தும்மல் கேட்டது.

"இந்த போனுக்குச் சொந்தக்காரங்க யாருன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்லை" என்றது ஒருங்கிணைப்பாளரின் குரல்.

பரிசோதகர் போனை வைத்தார். "அவசரத்துல பேச வராத ஆளை அவசரத்துக்கு எப்படிங்க எழுதறது? வேற யாராவது?"

"வேற யாரும் இல்லைங்க எனக்கு."

அது நிஜம். அதைச் சொன்னபோதுதான் அது எவ்வளவு நிஜம் என்று அவருக்கே தெரிந்தது. தெருவோரத்தில், ஏப்ரனில் மெழுகுக் கறையோடு, கையை நீட்டிக்கொண்டு நின்றார். பரிசோதகர் நல்ல மனிதர். அந்த இடத்தில் இயக்ககத்தின் நம்பரையே எழுதிக்கொண்டார். "கவலைய விடுங்க. யாரும் இல்லாதவங்களுக்கு நாங்க இருக்கோம்" என்று சொல்லிக் கையில் பட்டையை மாட்டி அழுத்தினார். குமிழ் 'க்ளிக்' என்று மூடிக்கொண்டது.

ஆபீஸ் வாசலில் தோரணமும் பலூனுமாக இருந்தது. உள்ளே ஒலிபெருக்கி அலறியது. விழாவுக்காக எல்லாச் சன்னல்களையும் மூடிவிட்டு, ஒரே ஒரு சன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அதில் ஓர் அம்மாள், புதுப் புடவையின் மேல் விழாச் சின்னம் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பட்டையத் திறக்க உத்தரவு வேணும்மா. உயிர் போற அவசரம்."

"தாராளமா. பட்டைக்கு உரியவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவ மயக்கமா கிடக்கறாம்மா."

"அப்ப தெளிஞ்சதும் வரச் சொல்லுங்க."

"தெளிஞ்சுட்டா எதுக்கும்மா பட்டை? அவளே வாயத் திறந்து சொல்லிடுவாளே."

அம்மாளுக்கு முகம் சுருங்கியது. "எல்லாரும் இப்படி வாயாலேயே சொல்லிக்கிட்டா நாங்க எதுக்கு இருக்கோம்? சரி, வந்தது வந்துட்டீங்க. மனுவாவது குடுத்துட்டுப் போங்க. உங்க பேரு?"

அவர் வாயைத் திறந்தார். அம்மாளின் பார்வை அவர் மணிக்கட்டில் விழுந்தது.

"ஐயையோ, சொல்லாதீங்க. பட்டை போட்டிருக்கீங்களே."

"இது இப்பதாம்மா, உங்க ஆளுதான், தெருவுல..."

"யார் போட்டாலும் பட்டை பட்டைதான். இனிமே உங்களைப் பத்தி நீங்க சொல்றது செல்லாது. உங்க பட்டையத் திறந்து பாத்துட்டு, நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம்தான் உங்க மனுவ வாங்க முடியும்."

"அப்ப என் பட்டையத் திறங்க. நான்தான் நேர்ல நிக்கறேனே. கையெழுத்துப் போடறேன்."

"கையெழுத்து உங்களோடதுதான்னு யார் சொல்றது?"

பல்செட்டுக்காரர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் யாரும்மா?"

"அது பட்டைக்குத் தெரியும்" என்றாள் அம்மாள். கேலியாகச் சொல்லவில்லை. அவள் அதை நம்பினாள்.

அவர் வாழ்க்கையில் அதுவரை எந்த வரிசையையும் தாண்டிப் போனதில்லை. அன்றைக்குப் போனார். கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தார். மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். உருண்டையான, களையான முகம். அழுத்தமான குரல்.

"இந்த இயக்ககம் வருவதற்கு முன்னால் என்ன நிலைமை? அடையாளம் தெரியாமல் எத்தனையோ சைக்கிள்காரர்கள் இறந்துபோனார்கள். இன்றைக்கு? நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். அடையாளம் இல்லாமல் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. இறந்த அத்தனை பேரும் பட்டையோடுதான் இறந்திருக்கிறார்கள்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

"தகவல் வெளியே போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கும் சொல்கிறேன். முத்திரை வைத்த நாளிலிருந்து இன்றுவரை ஒரே ஒரு பட்டையைக்கூட நாங்கள் திறந்ததில்லை. இனியும் திறக்க மாட்டோம் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது."

இந்த இடத்தில்தான் பல்செட்டுக்காரர் மேடை ஏறினார். இரண்டு பேர் பிடிக்க வந்தார்கள். அவர் அவர்களுக்கு நடுவே நழுவி நேராக இயக்குநரின் காலில் விழுந்தார்.

"ஐயா, என் மனைவி சாகக் கிடக்கறா. அந்தக் குமிழைத் திறக்கச் சொல்லுங்க ஐயா. நாலு வரிதான் உள்ள இருக்கு. நானே எழுத வச்சது."

இயக்குநர் பதறிக் குனிந்தார். "எழுந்திருங்க, என்ன இது, எழுந்திருங்க." பிறகு போட்டோக்காரர் ஓடி வருவதைப் பார்த்தார். "இல்ல, கொஞ்சம் இப்படியே இருங்க" என்றார்.

படம் எடுத்து முடிந்ததும் அவரைத் தூக்கி நிறுத்தித் தோளில் கை போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியில் சொன்னார்: "இதோ, ஒரு குடும்பம். மனைவி விழுந்தபோது பட்டையோடு விழுந்தார். கணவர் அந்தச் செய்தி கேட்டு ஓடி வரும்போதும் பட்டையோடு வருகிறார். இதைவிட இந்தத் திட்டத்துக்கு வேறு என்ன வெற்றி வேண்டும்?"

மறுபடியும் கைதட்டல். ஒலிபெருக்கியை மூடிக்கொண்டு, இயக்குநர் அவர் காதருகே பேசினார். அந்தக் குரலில் மேடைத் தமிழ் இல்லை.

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. இன்னிக்கு உங்களுக்குத் திறந்தா நாளைக்கு இன்னொருத்தர் வருவார். அவருக்கும் அவசரம்பார். அப்புறம் அவசரம் வந்தாலே திறக்கணும்னு ஆயிடும்."

"அதுக்குத்தானேய்யா அதை மாட்டியிருக்கு."

"மாட்டறது எங்க வேலை. அதை நாங்க ஒழுங்கா பண்ணியிருக்கோமா இல்லையா? நீங்க உங்க மனைவி ஒருத்தரைத்தான் பாக்கறீங்க. நான் எல்லார் மனைவியையும் பாக்க வேண்டியிருக்கு."

விழா நினைவாக ஒரு பையைக் கையில் கொடுத்து இறக்கிவிட்டார்கள். பைக்குள் இரவில் மின்னுகிற ஒட்டுப்படம் ஒன்றும், வீட்டில் மாட்டுவதற்கு இயக்குநரின் படமும் இருந்தன.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் அழுதார். சைக்கிள் ஓட்டிக்கொண்டே அழுவது எத்தனை சிரமம் என்பது அழுதவர்களுக்குத்தான் தெரியும். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் வண்டி ஆடுகிறது. துடைக்காவிட்டால் ரோடு தெரிவதில்லை. வெயில் கட்டடங்களின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருத்தரை நிறுத்தி, நான் யார் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்க வேண்டும் போல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒருங்கிணைப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மணிக்கட்டையும் பார்த்தார்.

"காலைல அந்த அம்மாவுக்குப் புருஷன்னு ஒருத்தர் வந்தார். அவருக்குப் பட்டை இல்ல. உங்களுக்கு இருக்கு. நீங்கதான் அவர்னு நான் எப்படிங்க எழுதறது?"

"காலைல என்கிட்டதானே பேசினீங்க? பல்லைப் பத்தி, பிணவறையப் பத்தி..."

"பேசினது நினைவிருக்கு. யார்கிட்டன்னுதான் சொல்ல முடியலை" என்று ஒருங்கிணைப்பாளர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். தும்மினார்.

பல்செட்டுக்காரர் மேஜையைவிட்டு நகர்ந்தார். கண்ணாடிக் கதவருகே போய் நின்றார். அவள் அதே மாதிரிக் கிடந்தாள். காலை மூடிவிட்டிருந்தார்கள். மூடிய துணியில் ஊறின நிறம் காலையில் பார்த்ததைவிடப் பெரிதாகியிருந்தது. நெற்றி வியர்த்திருந்தது, காய்ச்சல் ஏறுகிறதோ என்னவோ. விரல் நகங்களில் கிரீஸ் அப்படியே இருந்தது. ஆயிரம் பேரை ஏற்றி இறக்குகிற கம்பி வடத்தைத் தட்டிப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுகிற கை. அந்த மணிக்கட்டில் சாம்பல் வளையம், அதன் நடுவில் குமிழ், குமிழுக்குள் அவர் கோடு போட வைத்த அந்த ஒரு சொல். ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது.

டாக்டர் வெளியே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தே உத்தரவு கிடைக்கவில்லை என்று தெரிந்துகொண்டாள்.

"டாக்டரம்மா" என்றார் அவர். "பட்டையே இல்லாத ஆளுங்க அடிபட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவோம், கூட வந்தவங்க சொல்றதைக் கேட்டு எழுதிக்குவோம். முந்தியெல்லாம் எல்லாருக்கும் அப்படித்தான். அந்த வழக்கத்தை இன்னும் யாரும் ரத்து பண்ணலை. மறந்துட்டாங்கன்னு நினைக்கறேன்."

சொல்லி முடித்ததும் அவளே தன் வார்த்தையைக் கேட்டவள் போல நின்றாள். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டாள்.

"நான் கை கழுவப் போறேன்" என்றாள். "நல்லா கழுவணும், நேரமாகும். உள்ள, கட்டில் பக்கத்துத் தட்டுல மாவுக்கட்டு வெட்டற கத்தரிக்கோல் ஒண்ணு கிடக்கு. யாரும் எடுத்துடாம நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க."

அவர் பார்த்துக்கொண்டார். ரப்பர் சுலபமாக அறுந்தது. எஃகுக் கம்பி அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். அவள் தோலில் பட்டுவிடப் போகிறது என்று பயந்து, தன் சுட்டுவிரலை நடுவே கொடுத்து அழுத்தினார். விரல் கிழிந்தது. கம்பி 'டக்' என்று விட்டது. அவள் மணிக்கட்டில் வளையம் இருந்த இடம் மட்டும் வெளுத்துப்போய்க் குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. பிறகுதான் தன் கையிலும் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. பட்டை போட்டவன் சொல் செல்லாது. அதையும் வெட்டினார். இடது கையால் வெட்ட வேண்டியிருந்ததால் அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

டாக்டர் ஈரக் கையோடு உள்ளே வந்தாள். நோயாளியைப் பார்த்தாள்.

"இவங்களுக்குப் பட்டை இல்லையே" என்று உரக்கச் சொன்னாள். "கூட வந்தது யாரு?"

"நான்."

"என்ன உறவு?"

"புருஷன்."

"ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

"பென்சிலின்" என்றார் அவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் சொன்ன அந்தச் சொல் தாழ்வாரத்தின் மறுகோடி வரைக்கும் கேட்டது.

டாக்டர் எழுதினாள். மாற்று மருந்து உடனே வந்தது. கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் அதன் சக்கரம் ஒன்று, கீழே கிடந்த பட்டையின் குமிழ் மேல் ஏறி இறங்கியது. குமிழ் பிளந்து சீட்டு வெளியே எட்டிப் பார்த்தது.

ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார். பிளந்து கிடந்ததைப் பார்த்ததும் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு தரையில் மண்டியிட்டுத் தடவித் தடவிச் சீட்டைப் பொறுக்கி, நாலாக மடித்து ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினார்.

"ஒரு தடவை பாத்தாத்தான் என்ன?" என்று கேட்டார் பல்செட்டுக்காரர். விரலில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாங்க. நானும் மனுஷன்தான். பாத்தா அப்புறம் மனசு கேக்காது."

பட்டையை அறுத்தது பெரிய குற்றம். விசாரிக்க வேண்டியவர்கள் வரும்வரை, மேஜைக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் அறையில் அவரை உட்கார வைத்தார்கள். உடைந்த சக்கர நாற்காலி ஒன்றில் அவர் உட்கார்ந்தார். ஒருங்கிணைப்பாளர் பலகையில் புது வரி எழுதினார்: 'ஆண். பட்டை இல்லை. கூட வந்தவர் யாரும் இல்லை. அடையாளம் தெரியவில்லை.' பெயரைச் சொல்லப் பல்செட்டுக்காரர் மறுபடி முயலவில்லை. தாழ்வாரத்தில் வருகிற ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றார். சத்தம் கடந்து போனதும் உட்கார்ந்தார். அந்தக் காத்திருப்பைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் பேசியதில்லை.

விசாரிக்க வேண்டியவர்கள் விழாக் களைப்பில் வரவில்லை. மறுநாள் வெயில் ஏறினபோது டாக்டர்தான் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கால் தப்பிச்சுது" என்றாள். "பழையபடி நடக்கறதுக்கு நாளாகும். இப்ப கண்ணு முழிச்சிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் எங்கன்னு கேக்கறாங்க."

"அப்படி யாரும் இங்க இல்லைங்களே" என்றார் ஒருங்கிணைப்பாளர். "அடையாளம் தெரியாத ஆண் ஒருத்தர்தான் இருக்கார்."

"அவரையே கூட்டிட்டு வாங்க. அந்தம்மா பாத்துச் சொல்லட்டும். பட்டை இல்லாத ஆளுதானே, வாயால சொன்னாச் செல்லும்."

ஒருங்கிணைப்பாளர் யோசித்தார். விதியில் அதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அட்டையும் பேனாவுமாக முன்னால் நடந்தார். பல்செட்டுக்காரர் பின்னால் போனார். மெழுகுக் கறையும் ரத்தக் கறையும் படிந்த ஏப்ரன், கலைந்த தலை, உள்ளே போயிருந்த கண்கள். தன்னை அவளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று அவருக்கே ஒரு நிமிஷம் பயம் வந்தது.

கட்டிலருகே போய் நின்றார்கள். ஒருங்கிணைப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நல்லா பாத்துச் சொல்லணும். இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா, பேர் என்ன?"

அவளுக்கு அந்தக் கேள்வி எட்டியதாகவே தெரியவில்லை. மயக்க மருந்தின் கனம் இமைகளில் இன்னும் இருந்தது. அட்டையைத் தாண்டி, டாக்டரைத் தாண்டி, அவர் மேல் போய் நின்றது பார்வை. உதடு மெல்லப் பிரிந்தது.

"ஏங்க" என்றாள். "என்ன கோலம் இது? போய் முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க."

அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுத்து அவள் பக்கம் திரும்பினார். வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஒருங்கிணைப்பாளர் அவளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதில் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. வெகுநேரம் தயங்கியபின் பேனாவைத் திறந்தார்.

"அவங்க கூப்பிட்டாங்க. நீங்க திரும்பினீங்க. என் கண்ணாலயே பாத்தேன்" என்றார். "எனக்கு இது போதும்."

ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதத் தொடங்கினார். முதல் எழுத்திலேயே நின்று, நிமிர்ந்து கேட்டார்.

"'ஏ' நெடில்தானே?"

"நெடில்தாங்க" என்றார் பல்செட்டுக்காரர்.